கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்திருங்கள்

வயதானவர்களுக்கு உடற்பயிற்சி என்று பேச்சு வந்தாலே டாக்டரில் தொடங்கி பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தினமும் கொஞ்சம் நடங்க, அது போதும்." வேறு ஏதாவது செய்யலாமா என்று கேட்டால், "லேசா கையைக் காலை ஆட்டுங்க. இந்த வயசுல வெயிட் எல்லாம் எதுக்கு?" என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த அக்கறைதான் பலரைச் சீக்கிரமே நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடுகிறது என்பது என் எண்ணம். இருபத்தைந்து வயதில் எடை தூக்காவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. எழுபதில் தூக்காவிட்டால் ஆகும்.

நடைக்கு நான் எதிரி இல்லை. இதயத்துக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, நாலு பேரைப் பார்த்துப் பேச முடிகிறது. நானும் நடக்கிறேன். ஆனால் நாள் தவறாமல் நெடுந்தூரம் நடப்பவர்கள்கூட தாழ்வான சோபாவிலிருந்து எழும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்திக்கொண்டு, ஒன்றிரண்டு முறை முன்னும் பின்னும் ஆடி வேகம் சேர்த்து, ஒரு முனகலோடு எழுவார்கள். நடக்கும்போது தொடைத் தசை தன் முழு பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. அந்தச் சிறு பங்கை ஆயிரக்கணக்கான முறை செலவழித்தால் களைக்காமல் நடக்க வரும். உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பைத் தூக்கும் பலம் அதில் வராது.

இதற்குக் காரணம் தசைக்குள்ளேயே இருக்கிறது. நம் தசை ஒரே மாதிரியான இழைகளால் ஆனதில்லை. மெதுவாக வேலை செய்து, களைக்காமல் தாக்குப்பிடிக்கும் இழைகள் ஒரு வகை. சட்டென்று பெரும் விசையைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் களைத்துப்போகும் வேக இழைகள் இன்னொரு வகை. ஒவ்வொரு இழைக் கூட்டத்தையும் தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பு இயக்குகிறது. மூளை வேலை வாங்கும் வரிசை எப்போதும் மாறுவதில்லை. முதலில் சின்ன, மெதுவான கூட்டங்களைக் கூப்பிடும். அவற்றால் முடியவில்லை என்றால்தான் பெரிய, வேகமான கூட்டங்கள் வேலைக்கு வரும். சுமை கனமாக இருக்கவேண்டும், அல்லது அசைவு வேகமாக இருக்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்தக் கூட்டங்களுக்கு அழைப்பே போவதில்லை. சமதளத்தில் நிதானமாக நடக்கும் மனிதருக்கு அவை மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்.

வயதாகும்போது முதலில் மெலிவது இந்த வேக இழைகள்தான். அறுபதுக்குப் பிறகு அவற்றை இயக்கும் நரம்புகளே ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. அநாதையான இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், மற்றவை போய்விடும். முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது என்பது பொதுவான கணக்கு. அறுபதுக்கு மேல் வேகம் கூடும். ஆனால் கவலைப்படவேண்டியது சதையின் அளவைப் பற்றி அல்ல. எழுபதுகளில் இருப்பவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் சதை வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்தபோது, பலம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்தது. கண்ணாடியில் பார்த்தால் கால் அதே கால்தான். உள்ளே ஆள் இல்லை.

இந்த இழப்புக்கு 1989-இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். அந்த நாட்டின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு கிடைக்க 2016 ஆகிவிட்டது. அதுவரை அது வெறும் "வயசாயிடுச்சு".

இப்போது நாற்காலிக்கு வருவோம். ஓர் இளைஞர் நாற்காலியிலிருந்து எழும்போது தொடையின் முழு பலத்தில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை. எழுபதைத் தாண்டியவர்களை அளந்து பார்த்தபோது அதே வேலைக்கு 80 சதவீதம் அளவுக்குச் செலவானது. ஒவ்வொரு முறை எழுவதும் அவர்களுக்கு ஜிம்மில் ஒரு கனமான செட் போடுவது மாதிரி. மிச்சம் இருப்பது வெறும் 20 சதவீதம்.

இதோடு இன்னொரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டிய, ஆரோக்கியமான சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்து அளந்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வு அது. காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது. பலமும் நன்றாகவே குறைந்திருந்தது. நோய் இல்லை, காய்ச்சல் இல்லை, படுத்திருந்தது மட்டும்தான். அப்படியானால் விளிம்பில் இருக்கும் ஒருவர் நிமோனியாவோ ஆபரேஷனோ என்று இரண்டு வாரம் படுத்தால் என்ன ஆகும்? "நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருந்தாங்க, ஒரு ஜுரம்னு படுத்தாங்க, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை." இதைச் சொல்லாத குடும்பம் இருக்கிறதா? நாம் ஜுரத்தைக் குறை சொல்கிறோம். ஜுரம் வருவதற்கு முன்பே இருப்பு காலியாகிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் கடைசி நாள் வரை நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சரி, தொண்ணூறு வயதில் தசையை மறுபடி வளர்க்க முடியுமா? முடியும். பாஸ்டனில் உள்ள ஒரு முதியோர் மருத்துவமனையில் மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் இதைச் செய்து காட்டினார்கள். 1990-இல் வெளியான அவர்களுடைய முதல் ஆய்வில் இருந்தவர்கள் வெறும் பத்துப் பேர், வயது 86 முதல் 96 வரை. பார்க்கவே பயமாக இருக்கும் அளவுக்குத் தளர்ந்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது கையைக் காலை ஆட்டும் பயிற்சி இல்லை. அவரவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எவ்வளவு என்று பார்த்து, அதில் 80 சதவீதத்தை வைத்து, வாரம் மூன்று நாள் காலை நீட்டி மடக்கச் சொன்னார்கள். எட்டு வாரத்தில் முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பு இருந்ததைப்போல இரண்டே முக்கால் மடங்கு. தொடைச் சதை 9 சதவீதம் பெருத்தது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள்.

சதை 9 சதவீதம்தான் கூடியது, பலம் மட்டும் எப்படி இத்தனை மடங்கு என்று சந்தேகம் வரும். முதல் சில வாரங்களில் கிடைக்கும் பலத்தில் பெரும்பகுதி நரம்பிலிருந்து வருகிறது. தூங்கிக்கொண்டிருந்த இழைகளைக் கூப்பிட மூளை மறுபடி கற்றுக்கொள்கிறது. சதை நிதானமாகப் பின்னால் வரும். எழுபதில் தொடங்கினாலும் ஒரு மாதத்துக்குள் வித்தியாசம் தெரிவதற்கு இதுதான் காரணம்.

பத்துப் பேர் போதாது என்று அதே குழு 1994-இல் நூறு பேரை வைத்து மறுபடி செய்தது. சராசரி வயது 87. இந்த முறை சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை என்று பிரித்தார்கள். பயிற்சி செய்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, படி ஏறும் திறன் கூடியது, நடை வேகம் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலமும் கூடவில்லை, தளர்ச்சியும் குறையவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது பெரிய டப்பாவாக வாங்கிக்கொண்டு போகிறோமே, அந்தச் சமாசாரம்தான். டப்பா பாவம், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. உடம்பு கேட்காத இடத்தில் அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

இதையெல்லாம் நான் படித்தது பிறகுதான். முதலில் பார்த்தது அம்மாவிடம்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஓர் உடல்நலக் குறைவுக்குப் பிறகு ஆள் துணை இல்லாமல் எழ முடியாமல் போனது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். பை நிறையக் கருவிகளோடு வருவாள் என்று நினைத்தேன், ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். அதன்மேல் இரண்டு தலையணையை வைத்து அம்மாவை உட்காரவைத்தாள். உயரம் கூடினால் எழுவது சுலபம். நான் கையைப் பிடிக்கப் போனபோது, "நீங்க பிடிக்காதீங்க ஆன்ட்டி" என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"பாட்டி, கை ரெண்டையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கோங்க. பாதத்தைக் கொஞ்சம் பின்னாடி இழுங்க, முட்டிக்குக் கீழே வரட்டும். இப்ப முன்னாடி குனியுங்க. மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும். எழுந்திருங்க."

அம்மா பாதி தூரம் எழுந்து தொப்பென்று உட்கார்ந்தார். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், நான் என்ன குஸ்திக்கா போகப் போறேன்?"

"பாத்ரூமுக்குப் போகணும்ல பாட்டி?"

அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. மறுபடி குனிந்தார். தொடையில் ஒரு நடுக்கம் ஓடியது, பாதம் தரையை அழுத்தியது, எழுந்து நின்றுவிட்டார். "இப்ப மெதுவா உட்காருங்க. விழக் கூடாது, இறங்கணும். மூணு எண்ணுங்க." எழுவதைவிட உட்காருவதில்தான் அந்தப் பெண் கண்டிப்பாக இருந்தாள். பிறகு எனக்குப் புரிந்தது. சுமையோடு தசை நீளும் அந்த இறங்கும் பாதியிலும் தசைக்கு நல்ல வேலை இருக்கிறது. படி இறங்குவதற்கும் அதே பலம்தான் வேண்டும்.

சில வாரங்களில் ஒரு தலையணை போனது, அப்புறம் இன்னொன்றும் போனது. எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அதில் திருப்தி இல்லை. வெறும் நாற்காலியிலிருந்து சிரமம் இல்லாமல் பத்து முறை எழ ஆரம்பித்ததும் ஒரு டம்பெல்லைக் கொண்டுவந்து அம்மாவின் நெஞ்சோடு அணைக்கக் கொடுத்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். சுலபமாகிவிட்டால் கனத்தைக் கூட்டு என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே விதி. இப்போது அம்மா ராத்திரியில் யாரையும் எழுப்புவதில்லை. குளியலறைக்குத் தானே போய்விட்டுத் தானே வந்து படுக்கிறார். பலம் கூடியது என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. "உன்னை எழுப்ப வேண்டியதில்லை பாரு" என்று மட்டும் சொன்னார்.

அந்த விதி புதிதல்ல. 1940-களில் தாமஸ் டெலார்ம் என்ற இளம் அமெரிக்க ராணுவ மருத்துவர், போரில் காயம்பட்டு முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட வீரர்களைப் பார்த்தார். அப்போதைய வழக்கம், குறைந்த எடையைப் பல முறை தூக்கவைப்பது. மாதங்கள் ஓடின, கால்கள் தேறவில்லை. டெலார்ம் தானே எடை தூக்கிப் பழகியவர். கனமான எடையைச் சில முறை மட்டும் தூக்கவைத்து, முடிந்தால் கனத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வீரர்கள் வேகமாகத் தேறினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க பிசியோதெரபி அறைகளில் நடப்பது அடிப்படையில் அதுதான். ஆனால் நோயாளி எழுபது வயதுக்காரர் என்றால் மட்டும் நாம் டெலார்முக்கு முந்தைய காலத்துக்குப் போய்விடுகிறோம்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் ஜிம்மில் சேர்ந்த அன்று பயிற்சியாளர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கிலோ டம்பெல் ஜோடியைக் கையில் கொடுத்தார். என் கைப்பை அதைவிடக் கனம். "இதை வெச்சு முப்பது தடவை பண்ணுங்க ஆன்ட்டி" என்றார். நான் பேசிக்கொண்டே அறுபது தடவை செய்திருப்பேன். முப்பது முறை செய்த பிறகும் இன்னும் முப்பது முறை செய்ய முடிகிறது என்றால் அந்தப் பெரிய இழைக் கூட்டங்களுக்கு இன்னும் செய்தியே போகவில்லை.

அப்படியானால் எவ்வளவு கனம்? உங்களுக்குக் கனமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எட்டு முதல் பன்னிரண்டு முறை தூக்கி நிறுத்தும்போது, கட்டாயப்படுத்தினால் இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம், அதற்கு மேல் முடியாது என்ற நிலை இருந்தால் சரியான எடை. ஒருவருக்கு அது நாற்காலியிலிருந்து எழுவதாக இருக்கும். இன்னொருவருக்குத் தோளில் எடைக் கம்பி வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டாக இருக்கும். முதல் சில வாரங்கள் எடை குறைவாக வைத்து அசைவைச் சரியாகப் பழகவேண்டும், அதில் அவசரம் கூடாது. அதற்குப் பிறகும் அதே எடையில் வருடக்கணக்கில் நின்றுவிட்டால் உடம்பும் அங்கேயே நின்றுவிடும்.

என்னென்ன செய்வது என்பதைப் பெரிதாக்கவேண்டியதில்லை. உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து ஒன்றைத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, கையில் கனத்தோடு நடப்பது. இந்த ஐந்தில் உடம்பு முழுக்க அடங்கிவிடும். தள்ளுவதற்குச் சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப்பில் தொடங்கி, அப்புறம் மேஜை விளிம்பு, அப்புறம் தரை என்று இறங்கலாம். இழுப்பதற்கு ரப்பர் பேண்ட் போதும். வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முக்கியத் தசைகளுக்கெல்லாம் வாரம் இரண்டு நாளாவது பயிற்சி என்றுதான் சொல்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதோடு சமநிலைப் பயிற்சியும் சேர்த்து வாரம் மூன்று நாள் என்கிறது.

பழகிய பிறகு சில அசைவுகளை வேகமாகவும் செய்யவேண்டும். எழும்போது சட்டென்று, உட்காரும்போது நிதானமாக. கால் இடறினால் விழாமல் இருக்க அடுத்த காலை எடுத்து வைக்கக் கிடைப்பது ஒரு நொடியில் சின்னப் பங்கு. அந்த நேரத்துக்குள் வராத பலம் இருந்தும் பயனில்லை.

விழுவதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். 2019-இல் 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பில், உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு வலுப்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களிடம் 34 சதவீதம் வரை. வயதான காலத்தில் இடுப்பு எலும்பு உடைந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த எண்களின் மதிப்பு தெரியும்.

எலும்பு என்றதும் "எனக்கு எலும்புத் தேய்மானம் இருக்கு, நான் தூக்கக் கூடாது" என்று ஒரு குரல் கேட்கும். ஆஸ்திரேலியாவில் அதையே சோதித்துப் பார்த்தார்கள். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள். ஒரு பாதியினர் வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட், தலைக்கு மேல் எடை தூக்குவது, குதித்து இறங்குவது என்று கனமான பயிற்சி செய்தார்கள். இன்னொரு பாதியினர் வீட்டில் லேசான பயிற்சி. எட்டு மாதம் கழித்து முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் எலும்பு அடர்த்தி முதல் பிரிவுக்கு 2.9 சதவீதம் கூடியிருந்தது, இரண்டாவது பிரிவுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. 2018-இல் வந்த முடிவு இது. ஒன்றை மறக்கக்கூடாது. அந்தப் பெண்கள் பயிற்சியாளரின் கண் முன்னால்தான் தூக்கினார்கள், முதலில் அசைவைப் பழகிவிட்டுத்தான் கனத்துக்குப் போனார்கள். ஏற்கெனவே முதுகெலும்பில் முறிவு இருப்பவர் இதைப் படித்துவிட்டு வீட்டில் தானாக முயல்வது ஆபத்து.

முழங்கால் வலிக்கும் இதே கதைதான். மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்ததும் காலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். தொடைத் தசை மெலிகிறது, மூட்டைத் தாங்க ஆள் இல்லை, வலி கூடுகிறது, இன்னும் ஓய்வு. மூட்டுத் தேய்மானத்துக்கான சிகிச்சை வழிகாட்டுதல்கள் எல்லாம் தொடையை வலுப்படுத்துவதை முதல் வரிசையில் வைத்திருக்கின்றன. பயிற்சியின்போது கொஞ்சம் வலிப்பதும், மறுநாள் சதை பிடித்துக்கொள்வதும் சாதாரணம். மூட்டு வீங்கினாலோ, மறுநாளும் வலி குறையாமல் இருந்தாலோ அளவைக் குறைக்கவேண்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிட்ட பிறகு இன்சுலின் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் தசைதான். தசை சுருங்கினால் சேமிக்கும் இடமும் சுருங்குகிறது.

கைப்பிடி வலுவைப் பற்றியும் அடிக்கடி படிக்கிறோம். 17 நாடுகளில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வந்தது. கைப்பிடி வலு 5 கிலோ குறையக் குறைய இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடியது. அதைப் படித்துவிட்டு டிவி பார்த்தபடி ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடி என்பது மொத்த உடம்பின் பலத்தைக் காட்டும் அளவுகோல். அளவுகோலை மட்டும் வளர்த்து என்ன பயன்? ஜாடி மூடி வேண்டுமானால் திறக்கும்.

பயங்களில் ஒன்று மட்டும் நியாயமானது, பிரஷர். மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு தள்ளும்போது ரத்த அழுத்தம் எகிறும். 1985-இல் பாடிபில்டர்களின் ரத்தக்குழாயிலேயே கருவி வைத்து அளந்தபோது, இரண்டு காலாலும் மிகக் கனமான எடையைத் தள்ளும் கணத்தில் சராசரியாக 320/250 வரை போனது. நாம் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுத்தால் இந்த ஏற்றம் பெருமளவு அடங்கிவிடும். தொடர்ந்து செய்பவர்களுக்கு ஓய்வில் இருக்கும் ரத்த அழுத்தம் கொஞ்சம் குறையவே செய்கிறது. ஆனால் பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ரத்தக்குழாய் வீக்கம் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடையைத் தொடக்கூடாது. கேட்கும்போது "எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "நடங்க" என்ற பதில்தான் வரும். "எடை தூக்கலாமா, எனக்கு எது கூடாது?" என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் புரதம் வேண்டும். வயதான தசை புரதத்துக்குக் காது கொடுப்பது குறைந்துவிடுகிறது. இளைஞருக்குப் போதுமான அளவு அதற்கு உறைப்பதில்லை. அதனால் முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் என்று வல்லுநர் குழுக்கள் சொல்கின்றன. 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் அளவுதான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இப்படி வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டே இருக்கவேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, டென்மார்க்கிலிருந்து 2024-இல் ஒரு நல்ல செய்தி வந்தது. பணி ஓய்வு பெறும் வயதில் ஒரே ஒரு வருடம் கனமான எடையோடு பயிற்சி செய்தவர்களை, பயிற்சி தொடங்கியதிலிருந்து நான்கு வருடம் கழித்து அளந்தார்கள். கால் பலம் தொடக்கத்தில் இருந்த அளவிலேயே நின்றிருந்தது. மிதமான பயிற்சி செய்தவர்களுக்கும் ஒன்றுமே செய்யாதவர்களுக்கும் குறைந்திருந்தது. ஆனால் பாஸ்டனின் தொண்ணூறு வயதுக்காரர்கள் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்தார்கள். வயது ஏற ஏற விடுமுறை எடுக்கும் வசதி குறைகிறது. ஊருக்குப் போவது, காய்ச்சல், கல்யாணம் என்று விட்டுப்போனால் எடையைப் பாதியாகக் குறைத்து மறுபடி தொடங்கலாம். முதல் தடவை பிடித்த காலம் இரண்டாவது தடவை பிடிக்காது.

கடைசியாக, ஜிம்மில் யாரும் சொல்லித்தராத ஒன்று: தரையிலிருந்து எழுவது. விழுந்து அடிபடாமல் தப்பித்தவர்கள்கூட எழத் தெரியாமல் மணிக்கணக்கில் கிடப்பதுண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் தசை நசுங்குவது, உடம்பு குளிர்ந்துபோவது, நீர்ச்சத்து குறைவது என்று அதுவே தனி ஆபத்து. இதைப் பழகிவைக்கலாம். பாயோ கம்பளமோ விரித்து, அசையாத கனமான நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து ஒரு பக்கமாகப் புரளுங்கள். முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி எழும்பி, கை கால் நான்கிலும் நின்று நாற்காலிக்குத் தவழ்ந்து போங்கள். இரண்டு கையையும் இருக்கையில் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து தரையில் பதியுங்கள். அந்தக் காலை அழுத்தி எழுந்து, அப்படியே திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். தலை சுற்றல் அடங்கும்வரை எழவேண்டாம். முட்டி ஊன்றும் இடத்தில் மடித்த துண்டைப் போட்டுக்கொண்டால் வலிக்காது. முதல் சில தடவை பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், கையைக் கட்டிக்கொண்டு.